உரத்த வாத்தியமும் சின்ன அறையும்: வீட்டுப் பதிவில் ஒலி உடையாமல் காப்பது

திருவள்ளூர் மாவட்டத்துக் கோயில்களிலும் தெருக்களிலும் ஒலிக்கும் வாத்தியங்கள் பெரும்பாலும் வெட்டவெளிக்கென்றே பிறந்தவை. பறையும் பம்பையும் உடுக்கையும் ஆடி மாதத்து அம்மன் தெருக்களுக்காக உருவானவை. தவிலும் நாகஸ்வரமும் சாமி புறப்பாட்டுக்காக. கூத்து மேளம் ஊரின் கடைசி வீடு வரை கேட்க வேண்டும் என்று கட்டப்பட்டது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு கூட்டத்தையே இழுத்துவரும் வலு அவற்றுக்குத் தேவைப்பட்டது. அந்த வலு இன்றும் குறையவில்லை. கேட்கும் இடம்தான் மாறிவிட்டது. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும், ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த இளைஞர்கள் பத்துக்குப் பத்து அறையில் லேப்டாப்பைத் திறந்து, இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் ஒன்றில் மைக்கைச் செருகி, தங்கள் அடியைத் தாங்களே பதிவு செய்கிறார்கள். பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டதும் வரும் முதல் வார்த்தை பல வீடுகளில் ஒன்றேதான்: "சவுண்டு கிழியுது."

ஏன் கிழிகிறது, எந்த இடத்தில் கிழிகிறது, கிழியாமல் தடுக்க என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எது வீட்டுக்கு ஒத்துவரும் என்பதை இந்தக் கட்டுரை பரிசீலிக்கிறது. என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். விலை உயர்ந்த ப்ரீஆம்ப் (மைக்கிலிருந்து வரும் மின்னலையைப் பெருக்கும் சுற்று) கையில் இல்லாததால் வீட்டுப் பதிவுகள் கெடுவது அபூர்வம். ப்ரீஆம்புக்குள் நுழையும் முன்பே குறைக்க வேண்டியதைக் குறைக்காமல், நுழைந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று நம்புவதால்தான் கெடுகின்றன. ப்ரீஆம்பில் ஒருமுறை தட்டையாக வெட்டுப்பட்ட அலையைப் பின்னால் எத்தனை தணித்தாலும் அது சின்னதாகிவிட்ட தட்டை அலையாகத்தான் இருக்கும்.

உடையும் இடங்கள்

ஒலி, தோலிலிருந்து கிளம்பிக் கோப்பாகச் சேரும்வரை பல வாசல்களைக் கடக்கிறது. மைக்கின் சவ்வு, கண்டென்சர் மைக்காக இருந்தால் அதன் உள்ளே இருக்கும் சிறு மின்சுற்று, ப்ரீஆம்ப், அனலாக் அலையை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டர், கடைசியில் மென்பொருள். ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் உயரம் உண்டு. அதைவிட உயரமான அலை வந்தால் அதன் தலை சீவப்படும். சீவப்பட்ட அலையில் முதலில் இல்லாத மேல்சுரங்கள், குறிப்பாக ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண்கள், புதிதாக முளைக்கின்றன. காதில் கரகரப்பாகவும் பீறலாகவும் கேட்பது அவற்றைத்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் எந்த வாசல் முதலில் இடிக்கும் என்பது தெளிவாகும். ஒலியழுத்தத்தில் 94 டெசிபல் என்பது ஒரு பாஸ்கல். 114 டெசிபல் 10 பாஸ்கல், 134 டெசிபல் 100 பாஸ்கல். டெசிபல் இருபது ஏறும்போதெல்லாம் அழுத்தம் பத்து மடங்காகிறது. வீட்டு ஸ்டூடியோக்களில் பரவலாகப் புழங்கும் ரோட் என்.டி.1-ஏ மைக் ஒரு பாஸ்கலுக்கு ஏறத்தாழ 25 மில்லிவோல்ட் தரும். அப்படியானால் 114 டெசிபலில் கால் வோல்ட், 134 டெசிபலில் இரண்டரை வோல்ட். அந்த மைக் 137 டெசிபல் வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்கிறார், ஆகவே மைக் இன்னும் உடையவில்லை. ஆனால் அதைச் செருகியிருக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறைப் பெட்டியின் மைக் உள்ளீடு, கெயினை, அதாவது பெருக்கும் அளவை, கடைசிவரை குறைத்த நிலையிலும், +9 டிபியு வரைதான் தாங்கும். வோல்ட்டில் சொன்னால் ஏறத்தாழ 2.2. இரண்டரை வோல்ட்டை அதற்குள் அனுப்பினால் கெயின் குமிழ் பூஜ்யத்தில் இருந்தாலும் அலை உடையும். சீரான தொனிக்குப் போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் நடப்பது இதுவே. டிரம் செட்டின் ஸ்நேருக்குச் சில அங்குலம் பக்கத்தில் வைத்த மைக்கில் உச்சங்கள் 130 டெசிபலைத் தாண்டுவது ஒலிப்பதிவாளர்களுக்கு வாடிக்கையான விஷயம். நன்றாகக் காய்ச்சிய பறையை ஒரு சாண் தூரத்தில் பதிவு செய்பவர், தானும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறோம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அதே இடத்தில் ஷூர் எஸ்.எம்.57 போன்ற டைனமிக் மைக் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒரு பாஸ்கலுக்கு அது தருவது ஏறத்தாழ 1.6 மில்லிவோல்ட். 134 டெசிபலிலும் 160 மில்லிவோல்ட்தான். அதே ப்ரீஆம்பில் இன்னும் இருபது டெசிபலுக்கு மேல் இடம் மிஞ்சும். 1965-இல் சந்தைக்கு வந்த அந்த எளிய மைக் இன்றும் உலகம் முழுக்க டிரம்முக்கு முன்னால் நிற்பதற்கு அதன் தொனியும் முரட்டுத் தாங்குதிறனும் மட்டும் காரணமல்ல. அது குறைவாகப் பேசுகிறது. உரத்த மூலத்துக்கு அதுவே பலம். மெல்லிய குரலுக்கு எந்த உணர்திறன் அருமையோ, பறைக்கு முன்னால் அதே உணர்திறன் சுமையாகிறது. கண்டென்சர் என்றாலே உயர்தரம், டைனமிக் என்றால் மேடைக்கு மட்டும் என்ற எண்ணம் நம் ஊர்களில் வலுவாக இருக்கிறது. தாள வாத்தியக்காரர்களுக்கு அந்த எண்ணம் பெரிய கெடுதல் செய்திருக்கிறது.

எந்த வாசலில் உடைந்தது என்று கண்டுபிடிப்பது

உடைந்த பதிவு கையில் இருந்தால் அதை அழிக்கும் முன் ஒரு நிமிடம் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அலையின் தலைகள் மீட்டரின் உச்சியான பூஜ்யத்தில் போய் ஒரே கோடாக வெட்டுப்பட்டிருந்தால் குற்றம் கன்வெர்ட்டரில். கெயினைக் குறைத்தால் போதும். தலைகள் வெட்டுப்பட்டிருக்கின்றன, ஆனால் அந்த வெட்டு பூஜ்யத்துக்கு எட்டு பத்து டெசிபல் கீழேயே விழுந்திருக்கிறது என்றால் கன்வெர்ட்டருக்கு முந்தைய ஏதோ ஒரு வாசல் உடைத்துவிட்டது. அப்போது கெயினைப் பத்து டெசிபல் குறைத்து அதே அடியை மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும். மீட்டர் இறங்கியும் கரகரப்பு அப்படியே இருந்தால் மைக்கின் உள்ளேயோ ப்ரீஆம்பின் வாசலிலேயோ உடைகிறது. குமிழால் அதைத் தீர்க்க முடியாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மைக்கையும் பெட்டியையும் மாற்றிக்கொண்டே போகிறவர்கள் ஏராளம்.

கேட்கும் கருவியே உடைப்பதும் உண்டு. கைப்பேசி ஸ்பீக்கரில் பறையைச் சத்தமாகப் போட்டால் பதிவு சுத்தமாக இருந்தாலும் ஸ்பீக்கர் பீறும். தீர்ப்புச் சொல்லும் முன் ஹெட்போனில், மிதமான ஒலியில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

கைப்பேசியிலேயே பதிவு செய்வோரின் நிலை தனி. அதிலுள்ள நுண் மைக்குகள் பொதுவாக 120 முதல் 130 டெசிபலுக்குள் திணறிவிடுகின்றன. போதாக்குறைக்குத் தானியங்கிக் கெயின், முதல் அடியில் ஒலியை அமுக்கி, இடைவெளியில் ஏற்றி, அடுத்த அடியில் மறுபடி அமுக்கும். அடிக்கும் அடிக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் தாளத்தின் உயிர் இருக்கிறது; அந்த இடைவெளி முழுவதும் விசிறிச் சத்தமும் லாரிச் சத்தமும் வந்து நிறைந்துவிடும். தானியங்கிக் கெயினை அணைக்க விடும் ஒலிப்பதிவுச் செயலியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வைப்பது ஒன்றே அங்கே செய்யக்கூடியது.

விலகி நிற்பது என்ற பழைய மருந்து

இந்தச் சிக்கல் மைக்குக்கும் மூத்தது. 1902-இல் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கிராமபோன் பதிவுகளைத் தொடங்கியபோது மைக்கும் இல்லை, ப்ரீஆம்பும் இல்லை. பெரிய கூம்புக் குழலின் முன் பாடினார்கள். ஒலியின் வலுவே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போட்டது. சன்னமான குரல் பதியவே பதியாது. அளவுக்கு மீறிய உரத்த ஒலியோ ஊசியைத் தடம் தெறிக்க வைக்கும். அன்று இதற்குக் கைவசம் இருந்த முக்கியமான வழி தூரம். உச்சத்துக்குப் போகும்போது பாடுபவர் பின்வாங்குவார், தணியும்போது முன்வருவார். 1925-இல் மின்வழிப் பதிவு வந்த பிறகுதான் மென்மையான ஒலிகள் தட்டில் ஏறின, கூடவே ஆம்ப்ளிஃபையர் உடையும் சிக்கலும் வந்தது.

தூரம் இன்றும் செலவில்லாத மருந்துதான். ஆனால் வீட்டில் அது பாதிதான் வேலை செய்கிறது. ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஆறு டெசிபல் இறங்கும். ஓர் அடியிலிருந்து எட்டு அடிக்குப் போனால் பதினெட்டு டெசிபல் மிச்சம். சிமெண்டுத் தரையும் பூசிய சுவரும் காங்கிரீட் கூரையும் கொண்ட பத்துக்குப் பத்து வெற்றறையில் இந்தக் கணக்கு சுருண்டுவிடுகிறது. நேராக வரும் ஒலியும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சமமாகும் தூரம் அத்தகைய அறையில் ஓரடி, மிஞ்சினால் இரண்டடி. அதற்கு அப்பால் மைக்கை எங்கே நகர்த்தினாலும் அளவு பெரிதாக இறங்காது. எதிரொலி மட்டும் கூடும். மூலைக்குப் போய் மைக்கை நட்டுவிட்டு "தள்ளி வெச்சும் பீக் அடிக்குதே" என்று தவிப்பவரைக் குறை சொல்ல முடியாது. அறை அவருக்குத் தூரத்தைத் தர மறுக்கிறது.

ஆகவே அறையில் பதிவு செய்வதென்றால் முதலில் அறையை அடக்க வேண்டும். தரையில் கோரைப் பாயும் அதன்மேல் ஜமுக்காளமும், வாசிப்பவருக்குப் பின்னாலும் மைக்குக்குப் பின்னாலும் பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைப்பதும், துணி நிறைந்த பீரோவைத் திறந்துவிடுவதும் கேட்கும் அளவுக்கு வித்தியாசம் தரும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டுகள் கீச்சு ஒலியை மட்டும் குடித்துவிட்டுத் தவிலின் அடிநாதத்தை அப்படியே விட்டுவிடும். அதற்குச் செலவிடும் பணத்தைக் கனமான இலவம்பஞ்சு மெத்தைக்குச் செலவிடலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு வழி மொட்டை மாடி. சுவரும் கூரையும் இல்லாததால் தூரம் அங்கே முழு விசுவாசத்தோடு வேலை செய்யும். பறைக்கும் பம்பைக்கும் அதுதான் சொந்த வீடு. ஆனால் கும்மிடிப்பூண்டியில் மாடிக்குப் போனால் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையின் லாரிகளும், இரும்பு உருட்டாலைகளின் இரைச்சலும், ரயில்களின் ஊதலும் கூடவே வரும். இந்தப் பகுதிக்கே உரிய பொறி இங்கேதான் இருக்கிறது. பின்னணி இரைச்சலிலிருந்து தப்பிக்க மைக்கை வாத்தியத்துக்கு அருகே கொண்டுபோகிறார்கள். அருகே போனதும் அளவு ஏறி ப்ரீஆம்ப் உடைகிறது. உடையாமல் இருக்கத் தள்ளி வைத்தால் ஆலையும் சேர்ந்து பதிவாகிறது. அமைதியான ஊரில் இருப்பவருக்குத் தூரமே போதுமான விடை. தொழிற்பேட்டையை ஒட்டி வாழ்பவர் மைக்கைப் பக்கத்தில்தான் வைத்தாக வேண்டும், ஆகையால் ஒலியைக் கம்பிவழியில் குறைக்கும் வித்தை அவருக்குக் கட்டாயம்.

பேட்: மூன்று ரெசிஸ்டர் செய்யும் வேலை

கம்பிவழியில் குறைப்பதற்கான பொருளுக்குப் பேட் என்று பெயர். சில மைக்குகளின் உடம்பிலேயே பத்து அல்லது இருபது டெசிபல் குறைக்கும் சுவிட்ச் இருக்கும். அது மைக்கின் உள்சுற்றையும் காக்கும், அதற்குப் பின்னால் வரும் ப்ரீஆம்பையும் காக்கும். சில இன்டர்ஃபேஸ்களில் பேட் பொத்தான் இருக்கும். அது ப்ரீஆம்பை மட்டும் காக்கும். மேலே சொன்ன என்.டி.1-ஏ மைக்கிலும் சரி, 2ஐ2 பெட்டியிலும் சரி, இரண்டிலும் பேட் கிடையாது. அந்த இணையை வாங்கி வைத்துக்கொண்டு தவிலுக்கு முன்னால் உட்காருபவர் எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது இதனால்தான். கேபிளின் நடுவே செருகும் தனிப் பேட்கள் விற்கின்றன, ஷூர் ஏ15ஏ.எஸ் 15, 20, 25 என மூன்று அளவுகளில் மாற்றிக்கொள்ளக்கூடியது.

அதை வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமே கிடையாது, ஐ.டி.ஐ. முடித்து ஆலைகளில் எலக்ட்ரீஷியனாகவும் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காகவும் இருப்பவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண ரெசிஸ்டர் மூன்றும், ஓர் ஆண் ஒரு பெண் எக்ஸ்.எல்.ஆர். முனையும் போதும். இரண்டாம் பின் வழியில் 680 ஓம், மூன்றாம் பின் வழியில் 680 ஓம், அவற்றைக் கடந்து ப்ரீஆம்ப் பக்கத்தில் இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் குறுக்கே 180 ஓம். முதல் பின் நேராகப் போகும். மைக்கின் மின்தடை 200 ஓம், ப்ரீஆம்பின் உள்ளீடு 2,000 ஓம் என்று வைத்தால் இந்த அமைப்பு ஏறத்தாழ 20 டெசிபல் குறைக்கும். மைக்குக்குத் தெரியும் சுமை ஏறத்தாழ 1,500 ஓம் என்பதால் அதன் தொனி மாறாது. 680 ஓம் ரெசிஸ்டர் இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். ஒரு சதவீதத் துல்லியமுள்ள மெட்டல் ஃபிலிம் வகையாகப் பார்த்து வாங்கினால் வெளி இரைச்சல் உள்ளே ஒட்டாது. உயரழுத்த மின்சாரமும் பெரிய மோட்டார்களும் சூழ்ந்த ஊரில் இந்தச் சமநிலை அவசியம். கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபாண்டம் பவரும் இந்தப் பேட்டைத் தாண்டிப் போகும். மைக் இழுக்கும் சில மில்லி ஆம்பியருக்கு ஒன்றிரண்டு வோல்ட் மட்டும் குறையும், அது பொருட்டல்ல.

ஆனால் கேபிளின் நடுவே வைக்கும் பேட், மைக்கின் உள்ளேயே உடைவதைத் தடுக்காது. கண்டென்சரின் உச்ச அளவு 130 டெசிபலுக்குக் கீழே என்று அதன் காகிதத்தில் போட்டிருந்தால் அதைத் தோலுக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது. ஃபாண்டம் பவர் 48 வோல்ட்டுக்குப் பதில் பாதியளவே தரும் மலிவான மிக்ஸர்களும் உண்டு. அங்கே மைக்கின் தாங்குதிறன் காகிதத்தில் உள்ளதைவிடக் குறைவாகவே கிடைக்கலாம்.

டைனமிக் மைக் வைத்திருந்தும் பதிவு உடைகிறது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பல இன்டர்ஃபேஸ்களில் லைன் உள்ளீடு மைக் உள்ளீட்டைவிட மிக அதிகம் தாங்கும். மூன்றாம் தலைமுறை 2ஐ2-வில் அது +22 டிபியு. எக்ஸ்.எல்.ஆரிலிருந்து சமச்சீர் கால் அங்குல ஜாக்குக்குப் போகும் கேபிளால் டைனமிக் மைக்கை அந்த வழியில் செருகலாம். அங்கே ஃபாண்டம் பவர் வராது என்பதால் கண்டென்சருக்கு இது உதவாது. கிட்டாருக்கான உள்ளீட்டுப் பொத்தானும் அணைந்திருக்க வேண்டும்.

குமிழை எங்கே நிறுத்துவது

மீட்டரைப் பச்சையின் உச்சிவரை, சிவப்பைத் தொடும் விளிம்புவரை ஏற்றிவைக்கும் பழக்கம் கேசட் காலத்தின் மிச்சம். டேப்பில் இரைச்சல் அடியிலிருந்து எழுந்துவரும், அதனால் சமிக்ஞையை உயர்த்திப் பதிந்தார்கள். 16 பிட் பதிவிலும் இடம் 96 டெசிபல்தான் என்பதால் ஓரளவு அந்தக் கவலை இருந்தது. 24 பிட்டில் ஏட்டுக் கணக்குப்படி 144 டெசிபல், நடைமுறையில் நல்ல கன்வெர்ட்டர்கள் 110-க்கு மேல் தருகின்றன. தொழிற்பேட்டைப் பக்கத்து வீட்டின் பின்னணி இரைச்சல் எப்படியும் அந்த அடித்தளத்தைவிடப் பல மடங்கு மேலே இருக்கும். ஆகவே உச்சங்கள் பூஜ்யத்துக்கு 12 டெசிபல் கீழே நின்றால் எதையும் இழக்கப்போவதில்லை. பறைக்கும் தவிலுக்கும் 18 கீழே நிறுத்துங்கள் என்றே சொல்வேன்.

காரணம், சோதனை அடி ஒருபோதும் உண்மையான அடி அல்ல. "ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்கண்ணே" என்று கேட்டால் வாசிப்பவர் கையை அடக்கித்தான் அடிப்பார். பாட்டு சூடுபிடித்து உருப்படி உச்சத்துக்குப் போகும்போது அதே கை ஆறு, பத்து டெசிபல் கூடுதலாக இறங்கும். தோலும் மாறும். பறையைத் தீயில் காய்ச்சும் முன் கெயின் வைத்துவிட்டுக் காய்ச்சிய பின் பதிவு செய்தால் மீட்டர் ஏமாற்றும். காய்ந்து முறுகிய தோல் கூர்மையாகவும் உயரமாகவும் தெறிக்கும். காய்ச்சி முடித்து, உச்ச அடி எதுவோ அதையே ஒரு நிமிடம் விடாமல் அடிக்கச் சொல்லி, அப்போது குமிழை நிறுத்த வேண்டும். மென்பொருளில் போடும் கம்ப்ரஸரும் லிமிட்டரும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவை. உடைவை அவை தடுக்க முடியாது. மைக்கின் உடம்பில் உள்ள அடிநாத வடிகட்டிச் சுவிட்ச், தோலிலிருந்து கிளம்பும் காற்று மோதலை ப்ரீஆம்புக்கு முன்பே வெட்டிவிடும். மென்பொருளில் உள்ள அதே வடிகட்டியால் அது ஆகாது.

சில கையடக்கப் பதிவுக்கருவிகள் இதற்கென்றே ஒரு காப்பு வைத்திருக்கின்றன. ஜூம் எச்5, எச்6 ஆகியவை உள்ளமைந்த மைக்கின் பதிவை 12 டெசிபல் தாழ்த்தி இரண்டாவது கோப்பாகவும் எழுதும். முதல் கோப்பில் ஓர் அடி உடைந்தால் அந்த இடத்தை இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டலாம். 2019-இல் வந்த ஜூம் எஃப்6-உம், 2022-இல் வந்த எஃப்3-உம் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிகின்றன. வெவ்வேறு கெயினில் ஓடும் இரண்டு கன்வெர்ட்டர்களைப் பின்னி மிகப் பரந்த அளவைப் பிடிப்பதால் குமிழே தேவைப்படாது. திருவிழாக் களத்தில் போய்ப் பதிவு செய்பவருக்கு இது வரம்தான். ஆனால் மைக்கின் சவ்வோ அதன் உள்சுற்றோ உடைந்தால் 32 பிட் அந்த உடைவைத்தான் மிகத் துல்லியமாகப் பதிவு செய்யும். வீட்டில், ஒரே இடத்தில், ஒரே வாத்தியத்தை வாசிப்பவருக்கு டைனமிக் மைக்கும் பேட்டும் அந்த வேலையை முடித்துவிடும்.

வாத்தியத்துக்கு வாத்தியம்

எல்லா உரத்த வாத்தியமும் ஒரே மாதிரி உடைவதில்லை. பறையில் குட்டையான அடிக்குச்சியும் நீளமான மூங்கில் சிம்பும் எழுப்பும் அடிகள் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். மீட்டரின் ஊசி அவ்வளவு வேகமாக எழாது. உடைவும் அவ்வளவு குறுகியது என்பதால் சில நேரம் கரகரப்பாகக் கேட்காமல், அடி மழுங்கிவிட்டது போலத்தான் தோன்றும். குச்சி விழும் கூர்மை போய்விடும், இரண்டு குச்சிகளின் வித்தியாசம் மங்கும். அடவுகளைப் பிரித்துக் கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவருக்கு அந்தப் பதிவால் பயனே இல்லை. பறையின் தோலுக்கு நேர் எதிரே வைக்காமல், சற்றே பக்கவாட்டில், இரண்டிலிருந்து மூன்றடி தூரத்தில் டைனமிக் மைக்கை வைப்பது நல்ல தொடக்கம். ஆடிக்கொண்டே அடிப்பவரின் பறை மைக்கை நெருங்கியும் விலகியும் போகும். அவருக்கு மைக்கை இன்னும் தள்ளி, உயரத்தில் நிறுத்த வேண்டும்.

தவிலுக்கு இரண்டு முகம், இரண்டு குணம். வலந்தலையில் விரல் கூடுகள் விழும் சத்தம் துப்பாக்கி வெடிப்பு போலத் தெறிக்கும். இடந்தலையில் கழி எழுப்பும் நாதம் ஆழமானது, பதிவில் அடியில் உருளும். ஒரே மைக் என்றால் இரண்டு முகத்துக்கும் சம தூரத்தில், முன்புறம் நான்கடி தள்ளி வைக்கலாம். இரண்டு மைக் கிடைத்தால் வலந்தலைக்கு டைனமிக்கும் பேட்டும். அந்தச் சேனலின் கெயினை இடந்தலைச் சேனலைவிடக் குறைவாக வைப்பதில் தயக்கமே வேண்டாம்.

நாகஸ்வரம் தொடர்ந்து ஒலிப்பது. ஆகவே மீட்டர் உண்மையைச் சொல்லும், காதும் உடனே உடைவைப் பிடித்துவிடும். அணசுக்கு, அதாவது வாத்தியத்தின் விரிந்த வாய்ப்பகுதிக்கு, நேரே மைக்கை நீட்டுவதுதான் இங்கே பரவலான வழக்கம், அதுவே சிக்கலின் வேர். ஊதும் காற்றின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசின் வாயில் வைத்தால் சில சுரங்கள் மட்டும் குண்டு போல வந்து விழும், மற்றவை பின்வாங்கும். உடலின் நடுப்பகுதியைப் பார்த்தபடி, பக்கவாட்டில் மூன்று நான்கு அடியில் வைத்தால் சுரங்கள் சமப்படும், உச்சங்களும் தாழும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து அத்தனை பக்குவத்தோடு செய்த வாத்தியத்தின் நாதம், மைக் வைத்த இடத்தால் கெட்டுப்போனால் அது அந்த ஆசாரியின் உழைப்பையும் சேர்த்துக் கெடுப்பதாகும்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறை, மேடைக்கும் கல்லூரிக்கும் வந்து, 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருதாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானாவின் தாளங்களைப் புதிய மேடைக்கு ஏற்றியது. பெரிய ஸ்டூடியோக்களின் கதவு இந்த வாத்தியக்காரர்களுக்கு நெடுங்காலம் எளிதில் திறக்கவில்லை. இப்போது பதிவுக்கருவி அவர்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. "பறைன்னா அப்படித்தான் இரையும்" என்று சொல்லி உடைந்த பதிவை ஏற்றுக்கொள்வதை என்னால் ஒப்ப முடியாது. பறை இரைவதில்லை. உடைந்த ப்ரீஆம்ப்தான் இரைகிறது.

காது

மைக்குக்குப் பேட் போடுபவர் தன் காதுக்கும் ஒன்று போட வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. உருட்டாலையிலோ வார்ப்பாலையிலோ ஒரு ஷிப்ட் முடித்தவரின் காது அன்றைக்குரிய பங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டது. அதன்மேல் மூடிய சின்ன அறையில் இரண்டு மணி நேரம் பம்பை அடித்தால் கணக்கு அந்த நாளோடு முடியாது, வருடங்களில் சேரும். ஆலையில் தரும் காதடைப்பானை வீட்டிலும் போட்டுக்கொண்டு வாசிக்கலாம். கண்காணிப்பு ஹெட்போனைச் சத்தமாக வைப்பதையும் தவிர்க்க வேண்டும். உடைவை அடையாளம் காணும் கருவி கடைசியில் காதுதான். கீச்சு அதிர்வெண்களைக் கேட்கும் திறன் முதலில் போய்விட்டால், பதிவு கிழிவதுகூடக் கேட்காது. அண்டை வீட்டாருக்கும் உரிமை உண்டு: 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து இரவு பதினொரு மணிக்குப் பதிவு செய்வது எந்த வகையிலும் ஒத்துவராது. வார விடுமுறையில் காலை வேளை, நெடுஞ்சாலை சற்று அடங்கியிருக்கும்போது, மாடியிலும் கீழேயும் இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம்.

ஏற்கெனவே உடைந்தவை

உடைந்த பதிவுகளை ஒட்டித் தரும் மென்பொருள்கள் இப்போது உண்டு. வெட்டுப்பட்ட தலையின் இருபுறச் சரிவையும் பார்த்து, நடுவே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. ஒரு பதிவில் அங்கங்கே நாலைந்து அடிகள் உடைந்திருந்தால் நன்றாகவே ஒட்டும். தொடர்ந்து உடைந்த நாகஸ்வர ஆலாபனையில் ஊகம் ஊகமாகவே கேட்கும். கன்வெர்ட்டரில் கூர்மையாக வெட்டுப்பட்டதை ஒட்டுவது, மைக்கின் உள்ளே வளைந்து நசுங்கியதை ஒட்டுவதைவிட எளிது. மறுபடி வாசிக்க முடியுமென்றால் மறுபடி பதிவு செய்வதே நேர்வழி. மறுபடி வாசிக்க இயலாத ஒரு பெரியவரின் பதிவாக இருந்தால், எந்தத் திருத்தமும் ஏறாத முதல் கோப்பை 24 பிட்டிலேயே இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்திருங்கள். ஒட்டும் வேலையை நகலின் மேல் மட்டும் செய்யுங்கள். கோப்பின் பெயரில் வாத்தியம், மைக், தூரம், பேட் இருந்ததா இல்லையா என்பதையும் குறித்து வைத்தால், பின்னால் இன்னும் திறமையான கருவியோடு வருபவருக்கு அந்தக் குறிப்பே முதல் உதவியாக இருக்கும்.